சார்லட் மேசன் முறையில் வீட்டில் பாடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று யோசிக்கும் பெற்றோர் சீக்கிரமே கேள்விப்படும் பெயர் சார்லட் மேசன். இங்கிலாந்துக்காரர், 1842 முதல் 1923 வரை வாழ்ந்தவர். 1886இல் வீட்டுக் கல்வி பற்றிய அவருடைய முதல் நூல் வந்தது. அதிலும் பிறகு எழுதியவற்றிலும் அவர் வற்புறுத்தியவை சிலதான். குழந்தையை முழு மனிதராக மதியுங்கள், சுவையாக எழுதப்பட்ட புத்தகங்களைக் கொடுங்கள், பாட நேரத்தைச் சின்னதாக வையுங்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்ல விடுங்கள், மீதி நேரம் வெளியே அனுப்புங்கள். புதுச்சேரியில் இதைச் செய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒரே காரணத்தால்தான்: அவருடைய முறையோடு சேர்த்து அவருடைய ஊரையும் இறக்குமதி செய்துவிடுகிறார்கள்.

வெளியே அனுப்புவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, வானிலை ஓரளவு நன்றாக இருக்கும் நாட்களில், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிள்ளைகள் திறந்தவெளியில் இருக்க வேண்டும் என்றார் மேசன். இங்கிலாந்துக்கு அது பொருத்தம். நம் ஊரில் அக்னி நட்சத்திர வெயிலில் யார் அப்படி விடுவார்கள்? இங்கே நாள்காட்டியைத் திருப்பிப் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தையும் மாசியும்தான் நமக்கு வெளியே சுற்றும் மாதங்கள். கோடையில் விடிந்ததும் ஒரு மணி நேரம், வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரம், அவ்வளவு போதும்.

வெளியே பார்த்ததைப் பிள்ளை வரைந்து வைக்கும் இயற்கைக் குறிப்பேட்டிலும் இதே கதைதான். இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அச்செடுத்து, இங்கிலாந்தின் ராபின் பறவையையும் புளூபெல் பூவையும் லாஸ்பேட்டைப் பிள்ளை வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும். ஊசுட்டேரிக்குக் கூட்டிப்போனால் நாமக்கோழி, கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை என்று உயிரோடு பார்த்து வரையலாம். ஏரி வரை போக முடியாத வாரம் வாசல் முருங்கையில் ஏறும் கம்பளிப்பூச்சியே போதும். அந்த நோட்டு பிள்ளையுடையது. படம் கோணலாக இருக்கிறதென்று நீங்கள் அழித்துத் திருத்தினால் அது ஓவிய வகுப்பாகிவிடும்.

இந்த முறையின் உயிர்நாடி திருப்பிச் சொல்லுதல். அதிகமாகக் கெடுக்கப்படுவதும் இதுதான். ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசிக்க வேண்டும். பிறகு பிள்ளை தன் சொற்களில் சொல்ல வேண்டும். ஏன் ஒரே முறை? இன்னொரு தடவை வாசிப்பார்கள் என்று தெரிந்தால் கவனம் தளர்ந்துவிடும். நாமோ பரீட்சைப் பழக்கத்தில் ஊறியவர்கள். பிள்ளை வாயைத் திறந்ததும் "ராஜா பேரு என்ன? அப்புறம் என்ன ஆச்சு? அதை விட்டுட்டியே!" என்று நுழைந்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் நமக்கு எது பிடிக்கும் என்பதைத்தான் பிள்ளை நினைவில் வைக்கப் பழகும். கதையில் தனக்கு எது பட்டது என்பது வெளியே வராது. முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். பேச வேண்டியதை அதன் பிறகு பேசலாம். "தெரியல" என்று பதில் வந்தால், மறுநாள் ஒரே பத்தியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வயதுக்கு முன் இதைக் கட்டாயப்படுத்தவே கூடாது என்பது மேசனின் விதி. ஆர்வக்கோளாறில் நாலு வயதுக் குழந்தையை உட்கார வைப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் நம் வீடுகளுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தில் வாசித்ததை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்று கேட்பது ஒன்று. தமிழில் சொன்னால் புரிந்தது அத்தனையும் வெளியே வரும்; ஆங்கிலத்தில் தெரிந்த நாலு சொற்கள் மட்டும் வரும். இன்னொன்று, "வந்துச்சு" என்றால் "வந்தது என்று சொல்" என நடுவில் வெட்டுவது. வாய்மொழியாகச் சொல்லும் வரை பேச்சுத் தமிழே இருக்கட்டும். பத்து வயதை ஒட்டி எழுதத் தொடங்கும்போது எழுத்துத் தமிழைக் கவனித்துக்கொள்ளலாம்.

புத்தகம் என்றாலே வெளிநாட்டிலிருந்து தருவித்த ஆங்கில நூல் என்று நினைப்பதும் செலவு பிடித்த தவறு. பாடநூல் சுருக்கம் வேண்டாம், ஒரு விஷயத்தில் தோய்ந்தவர் எழுதியதைக் கொடுங்கள் என்பதே மேசனின் எதிர்பார்ப்பு. வரலாற்றுக்கு நம்மிடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்தவர் 1736இலிருந்து 1761 வரை தமிழில் எழுதிவைத்தது. அப்படியே சின்னப் பிள்ளைக்கு ஏறாது, நடை பழையது. பத்து வயதுக்கு மேல், பொருத்தமான பக்கங்களைத் தேர்ந்து விளக்கிச் சொல்லி, அதே வாரம் ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீட்டின் முன் கொண்டுபோய் நிறுத்துங்கள். மற்றப் புத்தகங்களுக்கு, 1827இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகம் இருக்கிறது.

கைவேலையில் வெட்டி ஒட்டும் காகித வேலைகளை மேசன் விரும்பவில்லை. பயன்படும் பொருளைச் செய்யச் சொன்னார். வில்லியனூர்ப் பக்கம் சுடுமண் வேலை நடக்கிறது, ஒரு நாள் போய்ப் பாருங்கள். கணக்கை அவர் தள்ளிவைத்தார் என்பது தவறான எண்ணம். கையில் எடுத்து எண்ணும் பொருட்களோடு கணக்கைத் தொடங்கச் சொன்னார், நமக்குப் புளியங்கொட்டை. எட்டு வயதுக்குள் ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றதும் அவர்தான். பாடம் சீக்கிரம் முடிகிறதே என்ற குற்ற உணர்ச்சியில் மதியம் முழுக்கப் பயிற்சித்தாள்களை நிரப்பினால் அந்த விதிக்கு அர்த்தமே இல்லை.

கடைசியில், உறவினர்கள் முதல் நாளே கேட்கும் பரீட்சை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக் கல்விக்கென்று தனி இடம் இல்லை என்பதைத் தெரிந்தே இறங்குங்கள். பலரும் நாடும் வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS), அதாவது தினமும் பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத விடும் மத்திய அரசு வாரியம். பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். நன்றாகத் திருப்பிச் சொல்லும் பிள்ளை தேர்வையும் தானாக எழுதிவிடும் என்று கடைசி வருடம் வரை சும்மா இருந்துவிட வேண்டாம். கேட்டதற்கு மட்டும், கொடுத்த நேரத்துக்குள் எழுதுவது வேறு பழக்கம். 12, 13 வயதில் வாரம் ஒரு பழைய வினாத்தாளை எடுத்துக் கடிகாரம் பார்த்து எழுத வையுங்கள். மற்ற நாட்கள் வழக்கம்போல் போகட்டும்.