பிரெஞ்சு வினைச்சொல்லை அசை பிரிச்சு வாசிக்கிறது எப்படி?

பிரெஞ்சுல ஏ1ங்கிற ஆரம்ப நிலைப் பரீட்சைக்குப் படிக்கும்போது என்னை ரொம்ப நாள் படுத்தின விஷயம் இது. எழுத்துக்களோட ஒலி தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா வர்றேன்.

முதல்ல முடிவைக் கவனிங்க. 'பார்லே', அதாவது பேசுறது. நான், நீ, அவன், அவங்க எல்லாரும்னு எழுத்துல முடிவு ஈ, ஈ-எஸ், ஈ, ஈ-என்-டின்னு மாறிக்கிட்டே போகும், ஆனா காதுக்கு நாலுமே ஒரே 'பார்ல்', ஒரே அசை. நான் மாட்டினது இங்கதான், எழுத்தை எண்ணினா ரெண்டு அசை வருதேன்னு அந்த ஈ-என்-டியை 'லாந்த்'னு சேர்த்தே வாசிச்சுட்டு இருந்தேன், யாருக்கும் புரியல. அந்த மூணு எழுத்தும் கண்ணுக்கு மட்டும்தான், வாயில வரவே கூடாது.

ரெண்டு அசை வர்றது நாங்க 'பார்-லோ', நீங்க 'பார்-லே' ரெண்டுக்கும்தான். அந்த 'லோ' மூக்குல வரணும், ஆனா 'ன்'னு நாக்கு ஒட்டக்கூடாது. நாம பேச்சுல பணம், மரம்னு சொல்லும்போது கடைசில உதடு மூடாம மூக்குல விடுறோமே, கிட்டத்தட்ட அதேதான். இதைப் பிடிச்ச அன்னைக்கே எனக்கு பாதி பயம் போயிடுச்சு.

அடுத்து உயிர்ல ஆரம்பிக்கிற வினை. அவன் நேசிக்கிறான்னா 'இல்', 'எம்'னு நிறுத்தாம 'இ-லெம்'. அவன் இல்லை 'அவனில்லை' ஆகுற மாதிரி மெய் மேல உயிர் ஏறிடுது. பன்மைல 'இல்-ஸெம்', அந்த ஸ தேனீ ரீங்காரம் மாதிரி அதிரணும், ஒருத்தனா பல பேரான்னு காதுக்குச் சொல்றது அது ஒண்ணுதான். முடிக்கிறதுங்கிற வினைல வேற மாதிரி, அவன் 'ஃபி-னி', அவங்க 'ஃபி-னிஸ்', கடைசி மெய் கேட்டா பன்மை.

தமிழ்ல எழுதி மனப்பாடம் பண்ணாதீங்க, இங்க எழுதினது காட்டுறதுக்கு மட்டும். பிரெஞ்சு விக்சனரிங்கிற இணைய அகராதில வினைத்திரிபு அட்டவணையிலேயே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒலிக்குறி இருக்கு, அதைப் பார்த்துட்டு ஃபோர்வோங்கிற உச்சரிப்புத் தளத்துல பிரெஞ்சுக்காரங்க குரலைக் கேளுங்க. மெஷின் குரலை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

பின்சேர்க்கை: 'வர்றான்'ங்கிறதுக்கான பிரெஞ்சு வினையும் ஈ-என்-டில முடியுதே, அதுல மட்டும் ஏன் ஒலி கேக்குதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அது ஒருமை, அந்த ஈ-என் வேர்லயே இருக்கு, அதனால 'வியெ'ன்னு மூக்குல வரும், பன்மைலதான் 'வியென்'. பெயர்ச்சொல்லுக்கும் இந்த விதி கிடையாது. கன்னிமடத்துக் கோழிங்க அடைகாக்குதுன்னு ஒரு வாக்கியம் பிரெஞ்சுல பிரபலம், அதுல மடமும் அடைகாக்குறதும் எழுத்துல அச்சு அசலா ஒண்ணு, வாசிக்கும்போது மடம் மூக்கொலியோட 'கூ-வா', வினை வெறும் 'கூவ்'.