சாலை போடும் குடும்பத் தொழிலின் தொடக்கத்தைத் தேடி எழுதுவது எப்படி?

பாலக்காட்டு எல்லையோரத்தில் தலைமுறைகளாகத் தார்ச்சாலை போட்டுவரும் குடும்பத்தின் தொடக்கத்தை எழுத முனைவோர், முதல் ஒப்பந்த வேலை எந்த ஊரில் நடந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஏனெனில் 1956 நவம்பர் 1-க்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலும், பக்கத்துச் சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தமையால், பழைய கோப்புகளைக் கோழிக்கோட்டிலும் எர்ணாகுளத்திலும் தனித்தனியே தேட நேரும்.

பில் நகல்களை ஆண்டுவாரியாக அடுக்கவும். பெரியவர்களுக்கு ஆண்டு பிசகும், வேலை பிசகாது. ஆகவே ஜல்லியை யார் உடைத்தார்கள், ரோலரை எங்கே வாடகைக்கு எடுத்தார்கள், பீப்பாய்த் தாரைக் காய்ச்ச என்ன விறகு எரித்தார்கள் என்று கேட்பதே நல்லது. கூலிப் பதிவேட்டில் கைநாட்டு வைத்த பெண்களின் பெயர்களையும் படியெடுங்கள் (முதலாளி படத்தை மட்டும் அச்சிடும் குடும்ப மலர்கள் ஏராளம்). மலையாளப் பத்திரங்களுக்கு, பழைய கையெழுத்தில் பழகிய ஆதாரம் எழுத்துக்காரரை (கேரளத்தில் பத்திரம் எழுதித் தருபவரை) அணுகலாம்.