பண்டிகை இல்லாத வீட்டுக்கு முறுக்கும் மாலாடும்: புதிதாகச் செய்பவர்களுக்கான செய்முறை

ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்தால் அந்த ஆண்டு முழுவதும் அங்கே பண்டிகை இல்லை என்பதும், தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பதும் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் இன்றும் கடைப்பிடிக்கும் வழக்கம். பங்காளிகளுக்கும் அதே தீட்டு உண்டு என்று கருதும் குடும்பங்களில் அவர்கள் வீட்டிலும் பலகாரம் இராது. ஆகவே பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள், அக்கம்பக்கத்தார் ஆகியோர்தாம் முறுக்கும் இனிப்பும் செய்துகொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தப் பொறுப்பு இப்போது, முறுக்கு அச்சைக் கையில் எடுத்தே பழகாத பலருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கடையில் வாங்கிக் கொடுப்பதில் குற்றமில்லை. ஆனாலும் முறுக்கு ஒன்றும் மாலாடு ஒன்றுமாக இரண்டு பலகாரங்களை ஒரு பகல்பொழுதில் வீட்டிலேயே செய்துவிடலாம்.

முதல் படி: கேட்டுக்கொள்ளுதல்

மாவு வாங்குவதற்கு முன் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடமோ நெருங்கிய உறவினரிடமோ இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பலகாரம் கொண்டுவருவது அவர்கள் வழக்கத்துக்கு ஒத்துவருமா என்பது ஒன்று. சில குடும்பங்கள் இனிப்பை மட்டும் தவிர்ப்பார்கள். சிலர் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் எதையும் ஏற்பார்கள். அந்த வீட்டு முறுக்கில் சீரகம் போடுவார்களா, ஓமமா, எள்ளா என்பது மற்றொன்று. இறந்தவரே அந்த வீட்டில் பலகாரம் செய்தவராக இருந்தால் இக்கேள்வி இன்னும் முக்கியம். உங்கள் வீட்டு ருசியைக் காட்ட இது நேரமன்று. அவர்கள் நாக்குக்குப் பழகியதைச் செய்வதே நல்லது.

இரண்டாம் படி: முறுக்கு மாவு

நடுத்தர அளவில் ஏறக்குறைய 20 முறுக்குகளுக்கு 2 கப் அரிசி மாவு, கால் கப் உளுத்தம் மாவு, கால் கப் பொட்டுக்கடலை மாவு, 2 மேசைக்கரண்டி வெண்ணெய், ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி சீரகம், கால் தேக்கரண்டி பெருங்காயத் தூள், பொரிக்க எண்ணெய் ஆகியவை தேவை. புதிதாகச் செய்பவர்கள் அரிசி மாவுக்குக் கடையில் கிடைக்கும் இடியாப்ப மாவையே வாங்கிக்கொள்ளலாம். அது நைசாக இருப்பதால் அச்சில் அடைக்காது.

உளுத்தம் பருப்பை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து, இளஞ்சிவப்பாகி வாசனை வந்ததும் ஆறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். இதன்பின் வரும் வேலையில்தான் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள்: மூன்று மாவுகளையும் சிறு கண்ணுள்ள சல்லடையில் கட்டாயம் சலிக்க வேண்டும். மாவில் தங்கும் கட்டியோ உளுந்துக் குறுணையோ எண்ணெயில் வெடித்து மேலே தெறிக்கும். எள் சேர்ப்பதானால் அதையும் கல் நீக்கிக் கழுவி வடித்துக்கொள்ளுங்கள். ஓமம் போடுவதானால் உள்ளங்கையில் லேசாகக் கசக்கிப் போடுங்கள். அப்போதுதான் வாசனை எழும்.

சலித்த மாவில் உப்பு, சீரகம், பெருங்காயம், வெண்ணெய் சேர்த்து, வெண்ணெய் எங்கும் பரவும்வரை விரல் நுனியால் பிசிறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டைபோல் நின்று, உதிர்த்தால் உதிர வேண்டும். பிறகு தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தெளித்துப் பிசையுங்கள். ஒரு கப்புக்குச் சற்று கூடுதலாகத் தேவைப்படலாம், மாவின் பழமையைப் பொறுத்து இது மாறும். பிசைந்த மாவு மிருதுவாக, வெடிப்பில்லாமல், கையில் ஒட்டாமல் இருக்க வேண்டும். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசைந்து வைத்துவிடாதீர்கள். நீண்ட நேரம் கிடக்கும் மாவு பொரியும்போது சிவந்துவிடும். பாதி பாதியாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

மூன்றாம் படி: பிழிதலும் பொரித்தலும்

அச்சின் உட்புறம் எண்ணெய் தடவி, காற்று இடைவெளி இல்லாமல் மாவை நிரப்புங்கள். பழகாத கையால் சட்டிக்கு நேர் மேலே பிழிய வேண்டாம். எண்ணெய் தடவிய கரண்டியின் பின்புறத்திலோ, சிறு துண்டுகளாக வெட்டிய வாழை இலையிலோ பிழிந்து, சட்டியின் ஓரமாகச் சரித்து விடுங்கள்.

எண்ணெயின் காய்ச்சலை அறியச் சிறிது மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் சற்று தங்கி உடனே மேலெழுந்தால் பதம்; அடியிலேயே கிடந்தால் காயவில்லை; போட்டதும் சிவந்தால் அதிகமாகக் காய்ந்துவிட்டது. நடுத்தரத் தீயில், சட்டி கொள்ளும் அளவுக்கு மூன்று நான்கு மட்டும் போட்டு, நுரை சற்று தணிந்தபின் திருப்புங்கள். சலசலவென்ற ஓசை ஏறக்குறைய அடங்குவதே முறுக்கு வெந்ததற்கு அடையாளம். நிறத்தை மட்டும் நம்பி எடுத்தால், வெளியே சிவந்தும் உள்ளே மெத்தென்றும் இருக்கும்.

முதல் ஈட்டில் ஒரு முறுக்கை ஆறவைத்துக் கடித்துப் பாருங்கள். கடினமாக இருந்தால் மீதி மாவில் சிறிது வெண்ணெயோ, காய்ச்சிய எண்ணெய் ஒரு கரண்டியோ சேர்த்துப் பிசையலாம். எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்தால் வெண்ணெய் கூடிவிட்டது என்று பொருள். சிறிது அரிசி மாவு சேர்த்தால் சரியாகும். பிழியும்போதே இழை அறுந்தால் தண்ணீர் போதவில்லை.

நான்காம் படி: மாலாடு

மாலாட்டுக்குப் பாகு காய்ச்ச வேண்டியதில்லை, எண்ணெயும் வேண்டாம். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் பச்சை வாசனையும் வராது. 1 கப் பொட்டுக்கடலையை நைசாக அரைத்துச் சலித்து, முக்கால் கப் சர்க்கரையை 4 ஏலக்காயுடன் பொடித்து அதில் கலந்துகொள்ளுங்கள். நெய்யில் முந்திரியை வறுத்துப் போட்டு, கால் கப்பிலிருந்து மூன்றில் ஒரு கப் வரை சூடான நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து, கை பொறுக்கும் சூட்டிலேயே அழுத்திப் பிடியுங்கள். சுமார் 12 உருண்டைகள் வரும். அந்த வீட்டில் சர்க்கரை நோயுள்ள முதியவர் இருந்தால் சிறிய உருண்டைகளாகப் பிடியுங்கள். வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் ஒன்றை எடுத்துக்கொள்பவர்களுக்கு அது உதவும்.

ஐந்தாம் படி: கட்டுதல்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வருவதால் முறுக்கு விரைவில் நமத்துப்போகும். காகிதத்தில் பரப்பி முழுவதும் ஆறியபின், காற்றுப் புகாத டப்பாவில் அடுக்குங்கள். இளஞ்சூட்டில் மூடினால் ஆவியே அதைக் கெடுத்துவிடும். இப்படி வைத்தால் முறுக்கு இரண்டு வாரமும் மாலாடு பத்து நாளும் தாங்கும். திருப்பி வாங்கத் தேவையில்லாத டப்பாவில் கொடுப்பது மிக முக்கியம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று நினைக்கும் நம்மவர்களுக்கு, உங்கள் எவர்சில்வர் தூக்கு ஒரு புதுக் கடனாகிவிடும்.

ஆறாம் படி: கொண்டுபோய்க் கொடுத்தல்

பண்டிகைக்கு ஓரிரு நாள் முன்னதாகவே, புதுத்துணி உடுத்தாமல் செல்லுங்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, குங்குமம் வைத்து நீட்ட வேண்டாம். "தீபாவளி வாழ்த்துகள்" என்ற சொல்லும் வேண்டாம். "பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முறுக்கு செய்து கொண்டுவந்தேன் அக்கா" என்பது போதும். கணவரை இழந்தவர் அந்த வீட்டில் இருந்தால், டப்பாவை அவரைத் தாண்டி வேறு யாரிடமோ நீட்டாமல் அவர் கையிலேயே கொடுங்கள். துக்கம் கேட்கப் போன வீட்டில் "போய் வருகிறேன்" என்று சொல்லாத வழக்கத்தை இன்னும் மதிப்பவர்கள் இருப்பதால், எழும்போது தலையசைப்பதே போதும்.

"எதுவானாலும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் கேட்கப்போவதில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தாலுகா அலுவலகத்துக்கும் அலைய நேரும். "புதன்கிழமை எனக்கு விடுப்பு, வண்டியில் நானே அழைத்துப் போகிறேன், இறப்புச் சான்றிதழையும் ஆதார் நகல்களையும் மட்டும் எடுத்து வையுங்கள்" என்று நாளைக் குறித்துச் சொன்னால் ஒப்புக்கொள்வது அவர்களுக்கு எளிது.

பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பினால், "அம்மா முறுக்குக்கு மாவு எந்தக் கணக்கில் போடுவார்கள்?" என்று கேட்டு, சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். "நாலு ஆழாக்குக்கு ஒரு கைப்பிடி உளுந்து" என்பதுபோலத்தான் விடை வரும். ஆழாக்கும் கைப்பிடியும் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், அவர்கள் அளக்கும் அதே பாத்திரத்தில் அளந்து கிராமில் குறித்து, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு, தலைத்திவசம் கழிந்து அவர்கள் மீண்டும் எண்ணெய்ச் சட்டி வைக்கும் நாளில் உங்கள் அச்சையும் எடுத்துக்கொண்டு சற்று முன்னதாகவே போங்கள். ஓராண்டாகப் பரணில் கிடந்த அச்சின் பிடி பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும்.