ஓயாமல் குறை சொல்லும் குடித்தனக்காரர்: மலையில் வீடு வாடகைக்கு விடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு எப்படியும் குடித்தனக்காரரிடம் வந்துவிடும். "வாரம் ஒரு போன். சுவரில் ஈரம் என்பார், கதவு மூடவில்லை என்பார், தண்ணீர் வரவில்லை என்பார். கீழே சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வீடே விடக் கூடாது." மாற்றலாகி வந்த வங்கி ஊழியரும் மதுரையிலிருந்து வந்த ஆசிரியையும் இப்படித்தான் 'நச்சரிக்கிற ஆள்' என்ற பெயரை வாங்குகிறார்கள்.

அந்தப் பெயரைக் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். என்ன புகார், எந்த மாதம் வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஊட்டி, கூடலூர் வீடுகளில் புகார்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையோடு வந்தாலோ, குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் குவிந்தாலோ, பேசுவது உங்கள் வீடு. மழையிலும் வெயிலிலும் ஒரே சீராக, இன்று பக்கத்து வீட்டு நாய், நாளை மாடி வீட்டுக் குழந்தை என்று ஆளைச் சுற்றியே வந்தால் அது அவருடைய சுபாவம். இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் வகையில் ஆளைத் திட்டுவதும், இரண்டாம் வகையில் கொத்தனாரை அனுப்புவதும்தான் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் செய்யும் காரியம்.

ஓதத்தின் மேல் பெயின்ட் அடிப்பது

மலைவீட்டுப் புகார்களில் தலையாயது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். அதற்கு நம்மவர்களின் தலையாய பதில் ஏப்ரலில் ஒரு கோட் எமல்ஷன். வீடு காட்டும்போது சுவர் பளபளக்கும், ஜூலையில் கொப்பளித்து உரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்டுக்குப் பின்னால் தேங்குவதால் சுவரின் பூச்சும் சேர்ந்து பெயரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு எஞ்சினியர் தேவையில்லை. சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் கைக்குட்டை அளவு கிழித்து, சுவரின் அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் அறைக்குள்ளிருந்து வருகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமல், உள்ளேயே துணி காயப்போட்டு, குளியலறைக் கதவைத் திறந்துவைத்து வெந்நீரில் குளித்தால் அந்த ஆவியெல்லாம் போய் ஒட்டிக்கொள்வது குளிர்ந்த வெளிச்சுவரில்தான். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் அதன் பின்னால் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருக்கும். பீரோவை நான்கு விரல் தள்ளிப் போடுவது, மதியம் வெயில் வரும்போது ஜன்னலைத் திறப்பது, குளியலறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் என்று இவ்வளவில் பாதி தீரும். ஃபேன் உங்கள் செலவு, ஜன்னல் அவர் பொறுப்பு.

தாளைப் பிரிக்கும்போது உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் தவறு வீட்டில். மலையைச் செதுக்கிக் கட்டிய வீட்டில் பின்சுவருக்கு அந்தப்புறம் மண்ணும் மழைத்தண்ணீரும்தான். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலைத் தைல மரத்து இலைகள் அடைத்திருக்கும், தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்ட துளைகளில் மண் இறுகிப் பெரணி முளைத்திருக்கும். பெயின்டுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கு போதும், மே மாதத்தில் ஒரு ஆளை விட்டு இவற்றைச் சுத்தம் செய்ய.

தடுப்புச் சுவரைப் பற்றி இன்னொன்று. "சுவர் கொஞ்சம் துருத்திக்கொண்டு வருகிறது சார், விரிசல் பெரிதாகிறது" என்று குடியிருப்பவர் சொன்னால், அவர் அதுவரை எத்தனை அற்ப விஷயத்துக்குப் போன் செய்திருந்தாலும் அன்றைக்கே போய்ப் பாருங்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓயாமல் குறை சொல்பவரிடம் உள்ள ஆபத்தே, பத்தாவது முறை அவர் சொல்வது நம் காதில் ஏறாமல் போவதுதான்.

கதவை ஜூலையில் இழைப்பது

மழையில் மரக்கதவு உப்பி நிலையில் சிக்கும். தொல்லை தாங்காமல் தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிட்டால், பிப்ரவரியில் மரம் காய்ந்து இடுக்கு விழும், "காற்று உள்ளே வருகிறது" என்று அடுத்த புகார் வரும். சிக்கும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கச் சொல்லிவிட்டு, மழைக்காலம் முடிந்த பிறகு இழைத்து, மேல் கீழ் விளிம்புகளுக்கும் சேர்த்து வார்னிஷ் அடியுங்கள்.

குளிருக்குக் கரி அடுப்பு கொடுப்பது

இது தவறு என்பதைத் தாண்டி, உயிரோடு விளையாடுவது. "ரொம்பக் குளிர்கிறது" என்று டிசம்பரில் புகார் வந்தால், பழைய கணப்புச் சட்டியையும் அரை மூட்டைக் கரியையும் கொடுத்தனுப்பும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடைத்த அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கப் போனவர்கள் எழுந்திருக்காத செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்டிக் கொடுப்பதும் இதே வகை. ஜன்னல் இடுக்குகளை அடைத்து, கனத்த திரைச்சீலை போட்டு, மின் ஹீட்டர் தாங்கும் அளவுக்கு ஒரு தனி பிளக் பாயின்ட் போட்டுக் கொடுங்கள்.

கையில் இல்லாததை வாக்குக் கொடுப்பது

"நாளைக்குத் தண்ணீர் வந்துவிடும்" என்று சொல்லாதீர்கள். குன்னூருக்குத் தண்ணீர் ரேலியா அணையிலிருந்து வர வேண்டும், ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலியிலிருந்து. கோடையில் அது எப்போது திறக்கும் என்று உங்களுக்கும் தெரியாது. உங்கள் கையில் இருப்பது தொட்டியின் அளவு, அதைப் பெரிதாக்கலாம். கரடி வாசலுக்கு வருவதும் காட்டெருமை படிக்கட்டில் நிற்பதும் அப்படித்தான். விலங்கை விரட்டுவது வனத்துறை வேலை. வாசலில் விளக்கு போடுவதும், பின்கதவைப் பலப்படுத்துவதும், குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவதும் உங்கள் வேலை. கூரைமேல் சாய்ந்த மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்டால், மலைப்பகுதியில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் கோடரி வைக்க முடியாது. விண்ணப்பம் கொடுத்து அதன் நகலைக் குடியிருப்பவரிடமும் காட்டிவிடுங்கள். காரியம் தாமதமானாலும், நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

எழுதாமல் விடுவது

"நம்ம ஊர்ப் பையன்தானே, எதற்கு அக்ரிமென்ட்" என்ற தாராளம்தான் பின்னால் தினசரித் தகராறாகிறது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. யாருக்கு எந்த ரிப்பேர் என்ற பட்டியலும் அதன் இணைப்பிலேயே இருக்கிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் தலையில். டேப் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், கதவுப் பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. இந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்தால் பாதி போன்கள் நின்றுவிடும். மறந்துவிட வேண்டாம்: உங்கள் பங்குப் பழுதை நீங்கள் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் தானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

பழிவாங்குவது

கோபத்தில் மோட்டாரை நிறுத்துவது, கரண்ட்டைத் துண்டிப்பது, சொல்லாமல் கதவைத் தட்டி உள்ளே போவது மூன்றும் உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குறை சொன்னார் என்பதற்காக யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது. சீசனில் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் நாள் வாடகை பார்க்கலாம் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு, "இவர் தொல்லை தாங்கவில்லை" என்று வெளியே சொல்கிறவர்களும் உண்டு. ஊருக்கு அது தெரியாமல் இருப்பதில்லை.

இனி, உண்மையிலேயே சுபாவத்தால் குறை சொல்கிறவர். இவரிடம் செய்யும் தவறு இரவு பதினொரு மணிக்கும் போனை எடுத்துப் பேசுவது. ஒருமுறை எடுத்தால் அதுவே வழக்கமாகிவிடும். "அவசரம் என்றால் போன் செய்யுங்கள், மற்றதை வாட்ஸ்அப்பில் போட்டோவோடு அனுப்புங்கள், சனிக்கிழமை காலை வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை தவறாமல் போங்கள். எழுத வேண்டும் என்றவுடன் பல குறைகள் தானாகவே உதிரும். செய்ய முடியாததை, "இது என்னால் ஆகாது" என்று அன்றே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்ற சொல் அவருக்கு அடுத்த மாதப் போனுக்கான அழைப்பு. அண்டை வீட்டாரோடு அவருக்குள்ள சண்டையில் பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள்.

அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் ஒப்பந்தக் காலம் முடியும்வரை பொறுத்து, புதுப்பிக்கப் போவதில்லை என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். அவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு வீட்டைக் காட்டும்போது பின்சுவரையும் காட்டுங்கள். மழையில் ஓதம் அடிக்கும், கோடையில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும் என்று சொல்லிவிடுங்கள். வாடகையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். குறைத்துக் கொடுக்கலாம்.