டெலிட் செய்த ஃபைல் பேக்கப்பில் எத்தனை நாள் இருக்கும்?

திண்டுக்கல்லில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் வேலை. ஸ்டுடியோக்காரர்கள் போட்டோக்களை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து தருவார்கள். அவற்றை 12-க்கு 36 இன்ச் ஷீட்டுகளாக அடுக்கி, லேபில் பிரிண்ட் போடுகிற மாதிரி தயார் செய்து கொடுப்பேன். லேயர்களோடு ஒரு ஷீட்டின் பிஎஸ்டி ஃபைல் (ஃபோட்டோஷாப் ஃபைல்) 400 எம்பி வரும். ஒரு ஆல்பத்துக்கு 40 ஷீட் என்றால் 16 ஜிபி. முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று ஆல்பம் ஓடும். அதனால் வேலை முடிந்த ஃபோல்டர்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்து இடம் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன் கணவரோடு வந்தார். அவருடைய அப்பா இறந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. கல்யாணத்தில் அப்பா தாரை வார்த்துக் கொடுத்த படம் ஆல்பத்தில் இருக்கிறது, அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்றார். ஸ்டுடியோவில் அசல் படங்கள் இல்லை. என்னிடமும் அந்த ஃபோல்டர் இல்லை, 14 மாதங்களுக்கு முன்பே அழித்துவிட்டேன். பேக்கப்பில் இருக்கும், எடுத்துத் தருகிறேன் என்று உட்காரச் சொன்னேன். பேக்கப் டிஸ்க்கைத் திறந்தால் அதில் இருந்த மிகப் பழைய தேதியே எட்டு மாதத்துக்கு முந்தையதுதான். அதற்கு முந்தையவை எல்லாம் இடம் போதாமல் தானாகவே கழிந்துபோயிருந்தன. கடைசியில் ஆல்பத்தின் அந்தப் பக்கத்தையே ஸ்கேன் செய்து கொடுத்தேன். அவர் நன்றி சொல்லித்தான் வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

பேக்கப் அதன் விதிப்படிதான் நடந்திருந்தது. அந்த விதி என்ன என்று நான்தான் ஒருநாளும் பார்க்கவில்லை. அதன்பிறகு உட்கார்ந்து தெரிந்துகொண்டதையும், இப்போது நான் செய்கிற முறையையும் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். தானியங்கி பேக்கப் சேமிப்பது ஃபைல்களை என்று நினைக்கிறோம். அது சேமிப்பது நேரங்களை. கல்யாண மண்டபத்தின் மாடியிலிருந்து மணிக்கு ஒரு தடவை முழு மண்டபத்தையும் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பிய மாமா ஒரு மணிப் படத்தில் இருப்பார், மூன்று மணிப் படத்தில் இருக்க மாட்டார். அவர் கிளம்பியதால் ஒரு மணிப் படம் மாறிவிடாது. ஆனால் அந்த ஒரு மணிப் படத்தைத் தூக்கிப்போட்டுவிட்டால் மாமா வந்து போனதற்கே சாட்சி இல்லை. நீங்கள் டெலிட் செய்த ஃபைல்தான் அந்த மாமா. எனவே கேட்க வேண்டியது, பழைய படங்களை பேக்கப் எப்போது தூக்கிப்போடுகிறது என்பதைத்தான்.

என் மேசையில் இருப்பது மேக் மினி. அதில் டைம் மெஷின் என்ற பேக்கப் கூடவே வருகிறது. 2007-இல் மேக் ஓஎஸ்ஸின் லெபர்ட் பதிப்போடு வந்தது. அதன் விதி இது: கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒரு பிரதி. கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒரு பிரதி. அதற்கும் முந்தைய மாதங்களுக்கு வாரத்துக்கு ஒரு பிரதி. டிஸ்க் நிறைந்ததும் மிகப் பழைய பிரதியிலிருந்து கழித்துக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறுபடி எழுதுவதில்லை. மாறியதையும் புதிதாக வந்ததையும் மட்டும் எழுதும். மாறாதவை முந்தைய பிரதியில் இருப்பதையே பகிர்ந்துகொள்ளும்.

இந்த விதியை டெலிட் செய்த ஃபைலுக்குப் பொருத்திப் பாருங்கள். காலை 10.05-க்கு உருவாக்கி 10.40-க்கு அழித்த ஃபைல், இடையில் பேக்கப் ஓடியிருக்காவிட்டால் எங்கேயுமே இருக்காது. காலையில் செய்து மாலையில் அழித்தது மணிப் பிரதிகளில் இருக்கும். ஆனால் 24 மணி நேரம் கழிந்ததும், அந்த நாளுக்கென்று மிஞ்சுகிற ஒரே பிரதியில் அது இருந்தால்தான் உண்டு. மூன்று நாள் மட்டும் இருந்த ஃபைலுக்கும் இதே கதைதான். ஒரு மாதம் தாண்டியபின், வாரத்துக்கு மிஞ்சுகிற பிரதி அந்த மூன்று நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல் என்றால் பல வாரப் பிரதிகளில் இருக்கும், நீண்ட நாள் கிடைக்கும். அதுவும் டிஸ்க் நிறையும் வரைதான்.

அப்படியானால் டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கம்ப்யூட்டரின் சேமிப்பைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. கடிதம், கணக்கு என்று வேலை செய்பவருக்கு அது வருடக்கணக்கில் வரும். என்னைப் போல வாரத்துக்கு 40 ஜிபி புதிதாகச் செய்து, பழையதை அழிப்பவருக்குப் போதவே போதாது. 1 டிபி டிஸ்க் என்றால் மேக் கணக்கில் 1000 ஜிபி. வாரத்துக்கு 40 ஜிபி என்றால், வேறெதுவும் சேராமலே 25 வாரத்தில் நிறைந்துவிடும். உங்கள் டிஸ்க் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். மெனு பட்டியில் டைம் மெஷின் ஐகானை அழுத்தி, பேக்கப்புகளைப் பார்க்கும் திரைக்குள் போனால் வலது ஓரத்தில் காலக்கோடு தெரியும். அதன் மிகப் பழைய முனையில் இருக்கும் தேதிதான் உங்கள் எல்லை.

மேக்கில் பலர் குழம்பும் இடம் இன்னொன்று உண்டு. 60 ஜிபி ஃபோல்டரை அழித்து, டிராஷையும் காலி செய்தாயிற்று. ஆனாலும் டிஸ்க் யுடிலிட்டியில் பார்த்தால் இடம் கூடவில்லை. காரணம், பேக்கப் டிஸ்க் செருகாத நேரத்திலும் டைம் மெஷின் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பிரதி, எடுத்து வைக்கிறது. அழித்த ஃபைலை அந்த ஸ்னாப்ஷாட் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். இவை 24 மணி நேரம் வரை இருக்கும். வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால் அதற்கு முன்பே தானாக விலகும். ஃபைண்டர் அந்த இடத்தைக் காலி என்றே கணக்கில் எடுத்துக்கொள்வதால் இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு தெரியும். பதறாமல் ஒரு நாள் பொறுங்கள், சரியாகிவிடும். அவசரம் என்றால், மான்டரி பதிப்பிலிருந்து டிஸ்க் யுடிலிட்டியின் வியூ மெனுவில் ஸ்னாப்ஷாட்டுகளைக் காட்டும் வசதி இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்து நீக்கலாம். நான் அதை அனேகமாகத் தொடுவதில்லை. தவறி அழித்ததை அந்த ஸ்னாப்ஷாட் இரண்டு தடவை காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் அழித்துவிட்டேன், பேக்கப் டிஸ்க்கில் ஏன் இடம் வரவில்லை என்று என் தம்பியே கேட்டிருக்கிறான். வராது. அந்த ஃபைல் இருக்கிற எல்லாப் பிரதிகளும் கழிந்தால்தான் இடம் திரும்பும். பழைய மேக்குகளில் ஒரு ஃபைலை மட்டும் எல்லா பேக்கப்பிலிருந்தும் நீக்க முடிந்தது. 2020-இல் மேக் ஓஎஸ்ஸின் பிக் சர் பதிப்பு வந்து, பேக்கப் டிஸ்க்கின் அமைப்பு ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் புதிய முறைக்கு மாறிய பிறகு அப்படித் தனியாக எடுக்க முடியாது. நீக்கினால் ஒரு தேதியின் முழுப் பிரதியையே நீக்க வேண்டும். அதனால் தேவையில்லாதது உள்ளே போகாமல் முதலிலேயே தடுப்பதுதான் வழி. டைம் மெஷின் செட்டிங்கில் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் விலக்குப் பட்டியல் வரும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், லைட்ரூம் ப்ரிவியூ ஃபைல்கள், லேபுக்கு அனுப்பிய ஜேபெக் ஃபோல்டர் (பிஎஸ்டி இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம்) ஆகியவற்றை நான் அதில் சேர்த்திருக்கிறேன். அதே பட்டியலில் இன்னொன்றையும் பாருங்கள். வெளியே செருகுகிற ஹார்ட் டிஸ்க்குகள் தொடக்கத்திலேயே அந்த விலக்குப் பட்டியலில் இருக்கும். ஸ்டுடியோ கொடுத்த டிஸ்க்கில் வைத்தே வேலை செய்தால் அந்த வேலைக்கு பேக்கப்பே இல்லை.

தம்பி உட்காருவது விண்டோஸ் கம்ப்யூட்டரில். அங்கே இருக்கும் பேக்கப் ஃபைல் ஹிஸ்டரி, 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது. கன்ட்ரோல் பேனலில் இருக்கிறது. இதன் குணம் வேறு. முழுக் கம்ப்யூட்டரையும் எடுக்காது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற லைப்ரரிகளையும் டெஸ்க்டாப்பையும்தான் எடுக்கும். நம் ஊரில் எல்லோரும் வேலையை டி டிரைவில்தான் போடுவோம். அந்த ஃபோல்டரை ஒரு லைப்ரரியில் சேர்க்காவிட்டால் அது பேக்கப் ஆகாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, தயவுசெய்து சரிபாருங்கள்.

அப்புறம், ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் இது முழு ஃபைலையும் மறுபடி நகலெடுக்கும். தொடக்க அமைப்பில் மணிக்கு ஒருமுறை ஓடும். 400 எம்பி பிஎஸ்டி ஒன்றைத் திறந்து வைத்து, ஒவ்வொரு மணியும் சேவ் செய்துகொண்டே எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் நாளுக்கு 3.2 ஜிபி. மாதம் 25 வேலை நாள் என்றால் 80 ஜிபி. ஒரே ஒரு ஷீட்டுக்கான கணக்கு இது. இத்தனை பிரதிகளும் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதற்கு அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ஓர் இடம் இருக்கிறது. அது தொடக்கத்தில் 'ஃபாரெவர்' என்று இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் டிஸ்க் நிறைந்தால் புதிய பிரதி எடுப்பது நின்றுவிடும். அறிவிப்பு வரும், வேலை மும்முரத்தில் யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு முனையில் 'இடம் தேவைப்படும் வரை' என்ற தேர்வு, நடுவில் ஒரு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சில கால அளவுகள். தம்பியின் கம்ப்யூட்டரில் ஓட்டத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்றும், வைத்திருக்கும் காலத்தை ஒரு வருடம் என்றும் மாற்றியிருக்கிறேன். அங்கேயே 'க்ளீன் அப் வெர்ஷன்ஸ்' என்று பழைய பிரதிகளைக் கழிக்கும் வசதியும் உண்டு. அதை அழுத்துவதற்கு முன், கம்ப்யூட்டரில் இப்போது இல்லாத ஃபைல் எதுவும் உங்களுக்கு வேண்டியிருந்தால் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் வைத்திருக்கிறேன், எனக்கு பேக்கப் இருக்கிறது என்பவர்களுக்கு: அவை கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகிறவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிராஷில் 30 நாள் இருக்கும், அதன்பின் இல்லை. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் இருக்கும். போனில் இடம் பண்ண அந்த ஆப்புக்குள் போய்ப் படங்களை டெலிட் செய்தால் கூகுளில் இருப்பதும் சேர்ந்து போகும். அதிலேயே இருக்கும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' மூலம் நீக்கினால் போனில் இருப்பது மட்டும் போகும். என் அம்மா பேரன் படங்களை முதல் வழியில் அழித்துவிட்டு, மூன்றாவது வாரத்தில் தற்செயலாகச் சொன்னதால் டிராஷிலிருந்து எடுக்க முடிந்தது.

சரி, இப்போது நான் செய்வது. பேக்கப் டிஸ்க் நடப்பு வேலைக்கு மட்டும். கரன்ட் போய், கம்ப்யூட்டர் கெட்டு, கை தவறி அழித்தால் அது காப்பாற்றும். முடிந்த வேலைக்கு வேறு இரண்டு டிஸ்க். ஆல்பம் டெலிவரி ஆனதும் அந்த ஃபோல்டரை இரண்டிலும் நகலெடுப்பேன். ஃபோல்டரின் பெயரில் கல்யாணத் தேதி முதலில் வரும். நகல் முடிந்ததும் மூன்று இடத்திலும் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுவேன், நாலைந்து பிஎஸ்டியைத் திறந்தும் பார்ப்பேன். அதன்பிறகுதான் கம்ப்யூட்டரில் டெலிட். இரண்டு டிஸ்க்கில் ஒன்று கடையில், மற்றொன்று வீட்டு பீரோவில். இரண்டும் கம்ப்யூட்டரில் செருகியே இருப்பதில்லை.

இதை இவ்வளவு கறாராகச் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் டிராஷைக் காலி செய்தாலும் ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிடலாம் என்ற தைரியம் இருந்தது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் வந்தபின், அழித்த இடத்தை டிஸ்க்கே துடைத்துவிடுகிறது. ரெகவரி கடைக்காரரும் கைவிரித்துவிடுவார்.

ஒரு சோதனை செய்து பாருங்கள், இன்றைக்கே. வழக்கமாக வேலை செய்யும் ஃபோல்டரில் 'சோதனை' என்று ஒரு சின்ன ஃபைல் போடுங்கள். பேக்கப்பைக் கையால் ஒருமுறை ஓட்டுங்கள். ஃபைலை அழித்து, டிராஷையும் காலி செய்யுங்கள். இப்போது மேக்கில் அதே ஃபோல்டரைத் திறந்து வைத்து டைம் மெஷினுக்குள் போய்த் தேடுங்கள். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரியின் இடது பக்கம் 'ரீஸ்டோர் பெர்சனல் ஃபைல்ஸ்' இருக்கும். கிடைத்தால், ஒரு மாதம் கழித்து அதே ஃபைலை மறுபடி தேடுங்கள். அப்போதும் இருக்கிறதா என்பது உங்கள் டிஸ்க்கின் விதியைப் பொறுத்தது.

அந்தப் பெண்ணின் ஆல்பத்தை ஸ்கேன் செய்தபோது மற்ற ஷீட்டுகளையும் சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்தேன். அது இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறது, ஃபோல்டரின் பெயரில் அந்தக் கல்யாணத் தேதியோடு.