சிறுநீரில் ரத்தம்: ‘சூடு’ என்று விட்டுவிடாதீர்கள்

சித்திரை வெயிலில் சிறுநீர் சிவந்து போனால், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முதலில் வரும் பேச்சு ‘சூடு’. அடுத்தது ‘கல்லு’. இளநீர், வாழைத்தண்டுச் சாறு என்று நாலு நாள் ஓடிவிடும். சிறுநீரக பயாப்ஸி (ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்டவர்களும் விலாவோரம் பலமாக அடிபட்டவர்களும் அந்த நாலு நாளைக் கடத்தவே கூடாது. சிறுநீரகம் பழுதானதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியவருக்கு இளநீரின் பொட்டாசியமும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

சிறுநீரகத்துக்குள் தமனியும் சிரையும் ஒட்டியே ஓடுகின்றன. பயாப்ஸி ஊசியோ காயமோ இரண்டையும் சேர்த்துத் துளைத்தால், தமனியின் அழுத்தமான ரத்தம் நுண்குழாய்களுக்குப் போகாமல் நேரே சிரைக்குள் பாயும். இதுதான் ஏ.வி. ஃபிஸ்டுலா, அதாவது தமனி-சிரை இணைப்பு. பிறவியிலேயே இருப்பவர்களும் உண்டு. அழுத்தம் தாங்காமல் சிரை பலூன்போல் புடைக்கலாம். அந்தப் பக்கம் ரத்தம் குறைந்த சிறுநீரகப் பகுதி பி.பி.யை ஏற்றிவிடும். துளை பெரிதானால் இதயமும் களைத்துப்போகும்.

‘ஃபிஸ்டுலா’ என்றதும் பலர் பவுத்திரம் என்றோ, டயாலிசிஸுக்காகக் கையில் செய்வது என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றும் வேறு வேறு. பழைய ரிப்போர்ட்டைக் காட்டும்போது ‘சிறுநீரகத்துக்குள் ரத்தக்குழாய் இணைப்பு’ என்று சேர்த்தே சொல்லுங்கள்.

சிறுநீரை நிறமில்லாத, உள்ளே தெரியும் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மண்புழுபோல் நீளமான ரத்தக்கட்டி வந்தால், ரத்தம் பெரும்பாலும் மேலே சிறுநீரகத்திலிருந்தோ அதன் குழாயிலிருந்தோ வருகிறது. கட்டி அடைத்து, சிறுநீர் நின்று, அடிவயிறு உப்பினாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

மிகப் பெரிய தவறு இது: சாதா அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் புடைத்த சிரை நீர்க்கட்டிபோலவே கறுப்பாகத் தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்காமல் அதில் ஊசி வைத்தால் ரத்தம் கொட்டும். ‘கட்டியில ஊசி போட்டு எடுத்துடலாம்’ என்று சொன்னால், ‘கலர் டாப்ளர் பார்த்தாச்சா?’ என்று தயங்காமல் கேளுங்கள். அடுத்து சி.டி. ஆஞ்சியோ (மருந்து ஏற்றி ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்) தேவைப்படலாம். அதற்கு முன் கிரியாட்டினின் அளவையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவதையும், மருந்து அலர்ஜியையும் சொல்லிவிட வேண்டும்.

கண்டுபிடித்தவுடனே ஆபரேஷன் என்று பயப்படுவதும் தவறுதான். பயாப்ஸியால் வந்த ஃபிஸ்டுலாக்களில் பெரும்பாலானவை தொல்லை தராமல் தானே மூடிக்கொள்ளும். டாப்ளரில் கண்காணித்தால் போதும். ரத்தம் நிற்காவிட்டால், பி.பி. அடங்காவிட்டால், இதயம் பாதித்தால் தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, உலோகச் சுருளால் அடைப்பார்கள். துளைக்கு ஏற்ற அளவில் சுருள் இல்லாவிட்டால் அது சிரை வழியாக நுரையீரலுக்கே நழுவிவிடலாம். இதில் பழகிய கை வேண்டும். சேலமோ பெங்களூரோ, கிளம்புமுன் இந்த வசதி அங்கே இருக்கிறதா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயாப்ஸி முடிந்தபின் ஒன்றிரண்டு வாரம் தண்ணீர்க் குடம், மாங்காய்க் கூடை, உர மூட்டை எதையும் தூக்கக்கூடாது. வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, தாங்களாகத் தொடங்கவும் கூடாது. தேதியை டாக்டரே சொல்ல வேண்டும்.