'ஃபாக்ஸ் பாஸ்' இல்லை, 'ஃபோ பா'

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. ஓர் ஆங்கிலப் பத்தியைத் தந்து சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். நடுவில் எஃப், ஏ, யு, எக்ஸ். இடம் விட்டு பி, ஏ, எஸ். "ஃபாக்ஸ் பாஸ்" என்று கம்பீரமாக வாசித்தேன். எதிரே இருந்தவர் குனிந்து பேனாவைப் பார்த்துச் சிரித்தார். ஏதோ நரி பரீட்சையில் பாஸான கதை என்றே ஹட்டன் பஸ் ஏறும்வரை நினைத்திருந்தேன்.

படி 1: வாயில் வரவழையுங்கள். இது பிரெஞ்சுச் சொல். எக்ஸும் எஸ்ஸும் ஊமை. மேற்பல்லைக் கீழுதட்டில் லேசாக வைத்து 'ஃபோ'. அப்புறம் 'பா': பாட்டியில் வரும் பா, பாக்கியத்தில் வருவது அல்ல. சந்தேகமென்றால் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேளுங்கள். தமிழில் எழுதிக் காட்டுவதை நம்பாதீர்கள், நான் எழுதியதையும் சேர்த்துத்தான்.

படி 2: பொருள். 'ஃபோ' தவறான, 'பா' அடி. மழை நாளில் தேயிலைக் கொழுந்து மலையில் இறங்கியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோமே, அந்தச் சறுக்கல் சபையில் நடந்தால் ஃபோ பா.

படி 3: எங்கே சொல்வது? கொழுந்து நிறுக்கும்போது கணக்குப் பிழைத்தால் அது வெறும் பிழை. வேண்டுமென்றே ஒருவரை அவமதித்தால் அது திமிர். தெரியாமல் மரியாதை தவறுவதுதான் ஃபோ பா. பக்கத்து லயத்து மரண வீட்டில் கிளம்பும்போது, பழக்கதோஷத்தில் "போயிட்டு வாறேன் மாமா" என்று விட்டேன். அம்மா கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. அங்கே சொல்லாமல்தானே கிளம்ப வேண்டும்! இதை ஆங்கிலத்தில் சொல்ல "ஐ மேட் எ ஃபோ பா" போதும். 'கமிட்டெட்' என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ அது பொலிஸ் முறைப்பாடு மாதிரி கேட்கிறது.

பிறகு சேர்த்தது: பன்மை எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எழுத்து மாறாது. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் கடைசியில் வண்டு ரீங்காரம்போல ஒரு 'ஸ்' வரும். பிரெஞ்சில் அதுவும் இல்லை.

பிரெஞ்சில் 'பா' என்றால் 'இல்லை' அல்லவா என்று இன்னொருவர் மடக்கினார். இரண்டும் ஒரே சொல்தான். 'ஓர் அடிகூட நடக்கவில்லை' என்று அழுத்திச் சொல்லிச் சொல்லியே, அங்கே அடி 'இல்லை'யாகிவிட்டது.